முதல் பீச்சு

பால் கறக்க உட்கார்ந்த கோப்னட், பசுவின் விலாவைப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தாள். கறந்து முடித்ததும் கட்டைவிரலை நுரையில் தோய்த்துப் பசுவின் மேல் சிலுவை போடுவது கெர்ரி மலையடிவாரத்தில் வழக்கம். இவள் இன்னும் காம்பையே தொடவில்லை. சிலுவை ஏற்கெனவே விலாவில் இருந்தது, ஈரமாக. மடி வற்றித் தொங்கியது.

ஹனோராவின் வேலைதான். பக்கத்து வீட்டுக்காரி. மே முதல் தேதி காலையிலேயே அடுப்புக்கு நெருப்புக் கேட்டு வந்து நின்றவள். அன்று நெருப்பைக் கொடுத்தால் வருஷத்து வெண்ணெயெல்லாம் அதோடு போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாததா? கோப்னட் கொடுக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் இது. கணவன் தைக் சதுப்பில் அடுப்பெரிக்கும் கரிமண் வெட்டப் போய் நாலு நாளாகிறது. இவள் மார்பிலோ பால் இல்லை. மூன்று மாதக் குழந்தை கோர்மக் இந்தப் பசுவை நம்பித்தான் இருந்தான்.

வேலியோரம் மடக்கிக் கேட்டபோது ஹனோரா கோபப்படவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

"முதல் பீச்சு மண்ணுல விடுறியா?" என்றாள்.

"எம் புள்ளைக்கே பத்தலக்கா. மண்ணுக்கு எதுக்கு?"

"மண்ணுக்கில்லடி, அதுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு. நீ குடுக்காட்டி அவங்களே கறந்துக்குவாங்க."

பழியை யார் தலையில் கட்டுகிறாள் பார் என்று கோப்னட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் விடியலில் தொழுவத்து வைக்கோலுக்குள் பதுங்கினாள். ஹனோரா வந்தால் மண்டையைப் பிளக்க இரும்பு வேண்டுமே; இரும்பு இருந்தால் எதுவும் அண்டாது என்று குழந்தைக்குக் காவலாகத் தொட்டிலின் குறுக்கே வைத்திருந்த அடுப்பு இடுக்கியை எடுத்து வந்திருந்தாள். கொஞ்ச நேரந்தானே.

சாணி வாசமும் வெளியே மூடுபனியுமாக, கூரைவிளிம்பில் நீர் சொட்ட, பசு அசைபோட, எங்கிருந்தோ வாளியில் பால் பீச்சும் சத்தம் மெல்ல வந்தது. சர்... சர்... பசுவின் பக்கத்தில் யாருமில்லை. ஹனோரா தன் பசுவைக் கறக்கிறாள் போல. சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு நின்றது.

யாரும் வரவில்லை. மடி நிறைந்திருந்தது. வாளி ததும்பக் கறந்தாள். ஒரு சொட்டும் மண்ணில் விடவில்லை. பயந்துவிட்டாள் ஹனோரா என்று சிரிப்பு வந்தது.

வீட்டுக்குள் சத்தமில்லை. பசித்து அழுகிற நேரம்.

தொட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

கோர்மக் கண் திறந்தபடி கிடந்தான். வெளுத்து. வற்றி. கறந்துவிட்ட மடிபோல.

நெற்றியில் நுரைச் சிலுவை. குமிழிகள் இன்னும் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன. அந்த நுரை வெள்ளையாக இல்லை.