மேலிருந்து அளக்கும் நிரல்

கம்பி வெட்டப்பட்ட கருவி, மதியம் மூன்று மணிக்கு ஓர் அளவை அனுப்பியது. 212 சென்டிமீட்டர்.

ஜான்சி நிமிர்ந்து பார்த்தாள். கடலோரக் கிள்ளை ஊரில் அவளுடைய மாடி அறைச் சுவரில், ஏழடி உயரத்து ஆணியில், அந்தப் பழைய கடல்மட்டக் கருவி சும்மாதான் தொங்கியது. கடல் ஏறி இறங்குவதைப் பதியும் அந்த, யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை இருபத்தாறு வருடமாக யார் யாரோ வளர்த்தார்கள்; இப்போது பார்த்துக்கொள்வது அவளும் கடலூர் ராஜமாணிக்கமும் மட்டும். இந்தக் கருவிக்கான பழைய நிரலை நீக்கலாமா என்று பொதுவில் கேட்டு முப்பது நாள் ஆகிறது. ஒரே ஒருவர் வேண்டும் என்றாலும் நீக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நாலு மணிக்குக் கெடு முடிகிறது. இதுவரை யாரும் மூச்சு விடவில்லை.

மூன்று ஐந்துக்குப் பதில் வந்தது. “நான் பயன்படுத்துகிறேன். தேவசகாயம்.”

நிரலை எழுதியவர். ஒன்பது வருடம் முன்பு, பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் இதே கருவியைக் கழற்ற இறங்கினார். கருவி மட்டும் கரைக்கு வந்தது. எவனோ விளையாடுகிறான் என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

190. 171.

மூடிய ஜன்னலுக்குள் சுரபுன்னைக் காட்டுச் சேற்றின் வாடை நிறைந்தது. தெருவில் மீன்காரியின் கூவலும் காக்கைச் சத்தமும், காதில் பஞ்சு அடைத்ததுபோல் மெல்ல மங்கின. எழுந்து போய்க் கதவை இழுத்தாள். கால்கள் கனத்தன. கதவு அசையவில்லை. எண் குறைகிறதே, எதுவானாலும் வடிகிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு ராஜமாணிக்கத்தை அழைத்தாள்.

“அண்ணே, அந்தப் பழசு தானா ரீடிங் அனுப்புது. கொறைஞ்சிகிட்டே வருது, பரவால்லதான?”

“என்னம்மா பரவால்ல? அவரு எழுதுனது மேலேர்ந்து கீழ அளக்கும். கருவிக்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்கிற எடம் அது. கொறைஞ்சா தண்ணி ஏறுதுன்னு அர்த்தம். இந்தக் கொழப்பத்துக்குத்தான அத எடுக்கலாம்னோம்?”

நீக்கச் சொன்ன காரணத்தை அவளே எழுதியிருந்தாள். பயத்தில் மறந்துபோனது.

கீழே பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. அவளுடைய ரப்பர் செருப்புகள் தரையில் இல்லை. மேசை உயரத்தில், காற்றில், மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

“அண்ணே, கதவு தொறக்கல.”

“மொதல்ல அந்த நிரல எடுத்துடும்மா. எடுத்துட்டு எறங்கி...”

குரல் கொப்பளித்து நின்றது.

96. 80.

அதை எடுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று மனதார நம்பினாள். ஒருவர் வேண்டும் என்கிறாரே. இருந்தாலும் எடுத்தாள். விரல்கள் கனத்தன. ஒவ்வொரு எழுத்தாக. நீக்கு. ஆம்.

58.

எண் நின்றது.

செருப்புகள் நிற்கவில்லை. அவள் கழுத்தைத் தாண்டின. முகவாயைத் தாண்டின. உதட்டில் உப்பு.

தேவசகாயம் எதற்காக அதைப் பயன்படுத்தினார் என்று அப்போதுதான் புரிந்தது. இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருக்க. அவளுக்கு இனி அதுவும் தெரியாது.

நாற்காலியில் ஏறினாள். மேசையில் ஏறினாள். கருவியைப் பிடித்துக்கொண்டு உத்தரத்தோடு முகத்தை ஒட்டினாள்.

காய்ந்த அறை. மதிய வெயில். அவள் தலைமுடி மட்டும் அவிழ்ந்து, விரிந்து, மேலே மிதந்தது.