அறுபதில் ஓர் அதிர்வு

பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளையின் குரல்?

ஜப்பானின் ஹமானா ஏரிக்கரைப் பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்த சிகுசா சட்டென்று நிமிர்ந்தாள். பாலத்தின் மேல் ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்று தடதடத்து வந்துகொண்டிருந்தது. அவளுடைய இன்ஜின்! அவள் வரைந்து, அதற்காக மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டி, ஹமாமத்சு நகரில் அவள் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனியே கைதட்ட, போன வசந்தத்தில் தெருவுக்கு வந்த இன்ஜின்.

வண்டி நேராக நிறுத்தத்துக்கே வந்து நின்றது. சொட்டச் சொட்ட இறங்கியவன் தலைக்கவசத்தின் கண்ணாடியை உயர்த்தினான். அப்பப்பா... அந்தக் கண்கள்! இவ்வளவு நனைந்த மனிதனுக்கு இவ்வளவு சிரிப்பு எதற்கு என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

அவன் தாடைக்குக் கீழிருந்த வாரை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். விரல்கள் வழுக்கின.

"மன்னிச்சுக்கங்க... ஒரு உதவி கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"இந்த வாரைக் கொஞ்சம் கழட்டி விடுறீங்களா? விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"ஹெல்மெட் கழட்டத் தெரியாதவருக்கு லைசென்ஸ் குடுத்தது யாருங்க?"

"அவரும் இப்போ அதை நினைச்சு வருத்தப்படுறாராம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் கையை உயர்த்தினாள். அவன் குழந்தைபோல முகத்தைத் தூக்கிக் காட்டினான். அவன் கன்னத்திலிருந்து ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்து ஓடியது. கிட்டத்தில் பார்த்தால் அந்தக் கண்கள் இன்னும் மோசம்... எங்கே பார்ப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"குளிர்ல விறைச்சிடுச்சா?" என்று ஒப்புக்குக் கேட்டாள்.

"இல்லைங்க, மரத்துப் போச்சு. சுண்டுவிரலும் மோதிரவிரலும். கொஞ்ச நாளாவே இப்படித்தான். வயசாகுது போல."

முப்பதைத் தாண்டியிருக்க மாட்டான். வயசாம்! அது வயசால் வந்ததில்லை என்று சிகுசாவுக்குத் தெரியும்.

அவன் பெயர் ஹகமாதா ரியோஹெய். வீடு வீடாகப் போய் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவன். ஏரியைச் சுற்றி எந்த வீட்டில் பியானோ இருந்தாலும் அவன் கை பட்டிருக்கும்.

"நீங்க என்ன வேலை பார்க்குறீங்க, தெராதா-சான்?" என்று அவள் குடும்பப் பெயரைக் கேட்டுக்கொண்டு, மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து விசாரித்தான்.

"ஒரு ஆபீஸ்ல... கிளார்க்."

முதல் பொய். எவ்வளவு சுலபமாக வந்தது!

"இந்த வண்டி இருக்கே," என்று அவன் டாங்கைத் தட்டிக் கொடுத்தான். "எவ்வளவு ஒல்லி, எவ்வளவு லேசு! இதைப் பண்ணினவர் யாரோ, நேர்ல பார்த்தா இடுப்பு வரைக்கும் குனிஞ்சு வணங்குவேன்."

அவள் ஈரமான தன் காலணியைப் பார்த்துக்கொண்டாள். பேருந்து வந்தது. அதற்குள் அடுத்த ஞாயிறு கியோசாக் கொழுக்கட்டை சாப்பிடப் போவதாகப் பேச்சு முடிந்திருந்தது. எப்படி முடிந்தது? கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஒற்றைச் சிலிண்டர் என்பது மாடி வீட்டில் ஒருவன் ஓயாமல் குதிப்பதைப் போல. கீழ்வீடு அதிரத்தான் செய்யும். அவன் மேலே போகும்போது கீழேயும், கீழே வரும்போது மேலேயும் போக எதிரே இன்னொருவன் இருந்தால் அதிர்வு அடங்கிவிடும். இன்ஜினுக்குள் அந்த இன்னொருவன்தான் பேலன்சர் தண்டு. சிகுசா அதை எடுத்துவிட்டாள். எடை குறைந்தது, இன்ஜின் ஒல்லியானது, எல்லாரும் பாராட்டினார்கள். மிச்ச அதிர்வைக் கைப்பிடிக்கு அடியில் வைத்த ரப்பர் விழுங்கிவிடும் என்று அடித்துச் சொன்னாள்.

விழுங்கவில்லை. ஓட்டிப் பார்த்த நோசுவே-சான், இருபது வருஷமாகக் கம்பெனிக்காக வண்டி ஓட்டுகிறவர், தயங்கித் தயங்கிச் சொன்னார். "அறுபதுல போகும்போது சுண்டுவிரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, தெராதா-சான்." அறுபது! அந்த ஊர்ச் சாலைகளில் எல்லாரும் நாளெல்லாம் போகிற வேகமே அதுதான்.

அன்று சிகுசா ஒரு காரியம் செய்தாள். கைப்பிடியின் நுனியில் ஒட்ட வேண்டிய அதிர்வுமானியை ஒரு சாண் உள்ளே தள்ளி ஒட்டினாள். அந்த இடத்தில் கம்பி அவ்வளவாக ஆடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எண் அழகாக வந்தது. நோசுவே-சான் அந்த எண்ணைப் பார்த்தார். "அப்போ நான்தான் இறுக்கிப் பிடிச்சிருக்கேன். சிரமத்துக்கு மன்னிக்கணும்," என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனார். கருவியோடு சண்டை போடுவது அங்கே வழக்கமில்லை. குறை தன்னிடம்தான் என்று எடுத்துக்கொள்வதுதான் மரியாதை. அந்த மரியாதையின் முதுகில் ஏறித்தான் அவள் இன்ஜின் தெருவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கியோசா கடையில் கூட்டம். வட்டமாக அடுக்கிய கியோசாக்களின் நடுவே முளைப்பயறு குவிந்திருந்தது. ரியோஹெய் குச்சியால் ஒன்றை எடுத்தான். நழுவி விழுந்தது. இன்னொன்று... அதுவும்.

"பாருங்க, கியோசாவுக்குக்கூட என்னைப் பிடிக்கல."

"அதுக்கு நல்ல ரசனை," என்றாள். ஆனால் ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைத்தது அவள் கைதான். அவன் காது சிவந்தது. அவளுக்கும் எங்கெங்கோ சிவந்தது. உடனே, ஐயோ, இந்தச் சந்தோஷம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்தாள். அவன் விரல் கெட்டதால் கிடைத்தது! குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள்.

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புவாள். அவன் சிரிப்பான். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவாள். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல, வலித்தாலும் வாய்விட்டுக் கத்த முடியாது.

நான்காவது ஞாயிறு ஏரிக்கரையில் அவன் சிரிக்கவில்லை.

"தொழிலை விட்டுடலாம்னு இருக்கேன்."

"என்ன... ஏன்?"

"போன வாரம் ஒரு கச்சேரி. நான் சுருதி சேர்த்த பியானோ பாதியில கலைஞ்சு போச்சு. மேடையில ஒரு சின்னப் பொண்ணு, தான்தான் தப்பா வாசிக்கிறோம்னு நினைச்சு அழுதுடுச்சு, தெராதா-சான். சுருதி காதுலதான் கேக்குது. ஆனா தந்தியை இறுக்குற முறுக்காணி கெட்டியா உக்காந்துச்சான்னு கைதான் சொல்லணும். என் கை ஊமையாயிடுச்சு. டாக்டருக்கும் பிடிபடல. அண்ணனுக்கு மிக்கபியில ஆரஞ்சுத் தோட்டம் இருக்கு. அங்க போயிடுறேன்."

"ஹகமாதா-சான்..."

"மனசு சரியில்லாதப்பல்லாம் வண்டியை எடுத்துட்டு ஏரியைச் சுத்துறேன். இப்போ அது ஒண்ணுதான் ஆறுதல்."

ஆறுதலாம்! நோயையே மருந்தென்று நாள் தவறாமல் குடித்துக்கொண்டிருக்கிறான். வாயைத் திறந்தால் இவன் போய்விடுவான். மூடியே இருந்தால் இவன் கை போய்விடும்...

"உங்க கையில ஒரு குறையும் இல்ல. அந்த வண்டியிலதான் குறை. அதோட இன்ஜினைப் பண்ணினது நான்."

அவன் புரியாமல் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எடுத்துவிட்ட தண்டு, உள்ளே தள்ளிய ஒரு சாண், நோசுவே-சானின் மன்னிப்பு, கிளார்க் என்ற பொய்... எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்து இடுப்பு வரைக்கும் குனிந்தாள். நிமிரத் தைரியம் வரவில்லை.

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?" அவன் குரல் ரொம்ப மெல்ல வந்தது.

"முதல் நாளே. அந்த வாரைக் கழட்டும்போதே."

"அப்போ கியோசா விழுந்தப்பவும்... தெரிஞ்சே சிரிச்சீங்க?"

அவன் வண்டியைத் தொடவில்லை. சாவியை அதிலேயே விட்டுவிட்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நியாயம் என்பதற்காக வலிக்காமல் இருக்குமா?

மறுநாள் காலை கம்பெனியில் வழக்கமான உடற்பயிற்சி முடிந்து எல்லாரும் வரிசையாக நிற்கிற நேரம். அன்றைய அறிவிப்புகள் முடிந்ததும் சிகுசா முன்னால் வந்தாள். அத்தனை பேர் முன்னிலையில் அதே கதையை மறுபடி சொன்னாள். நோசுவே-சான் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு வயசாயிடுச்சுன்னு பயந்து, யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன்," என்றார். அவ்வளவுதான். அவர் ஓங்கி அறைந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

விற்பனை நின்றது. விற்ற வண்டிகளையெல்லாம் திருப்பி வாங்குவதென்று முடிவாயிற்று. பேலன்சர் தண்டோடு இன்ஜினைப் புதிதாக வரையும் வேலை வேறொருவருக்குப் போயிற்று. சிகுசாவைச் சோதனைப் பிரிவில் நோசுவே-சானுக்குக் கீழே போட்டார்கள். தினமும் அந்தப் பழைய இன்ஜின் வண்டியை அவளே ஓட்ட வேண்டும். இறங்கும்போது தன் சுண்டுவிரலில் எறும்பு ஊர்வதை உணர்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முகம் எரிந்தது.

இலையுதிர்காலம் முடிந்து எலும்பைத் துளைக்கும் வறட்டுக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கம்பெனி வாசலில் கழுத்துத் துணி காற்றில் பறக்க ரியோஹெய் நின்றிருந்தான். பேருந்தில் வந்திருந்தான்.

"கை திரும்பி வந்துடுச்சு," என்றான். "நேத்து அதே மண்டபத்துல அதே பியானோவுக்குச் சுருதி சேர்த்தேன். கலையல. உங்க கம்பெனியிலேர்ந்து ஒருத்தர் வந்து மன்னிப்புக் கேட்டாரு. எல்லார் முன்னாடியும் நீங்க சொன்னதையும் அவர்தான் சொன்னாரு."

"நல்லது... ரொம்ப நல்லது," என்றாள் தரையைப் பார்த்து. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. நகரப் போனாள்.

"கொஞ்சம் நிமிர்ந்து பாருங்களேன்."

"என்னால முடியல. உங்க முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமா இருக்கு. சொன்னா நீங்க போயிடுவீங்கன்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன். உங்களைப் பிடிச்சிருந்துச்சு... அதனாலயே உங்க கையைக் கெட விட்டேன். இதைக் காதல்னு சொல்ல எனக்கு வாய் கூசுது."

காற்று ஓய்ந்து மறுபடி அடித்தது. அவன் பறந்த கழுத்துத் துணியை இழுத்துச் சுற்றிக்கொண்டான். பிறகு, "எனக்கும் கோபம் தீரல," என்றான். "தீர்ந்துடுச்சுன்னு உங்களைப் பார்த்துப் பொய் சொல்ல மாட்டேன். பியானோவைத் திறந்தா கோபம் வருது. மூடினா... நீங்க வர்றீங்க."

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்கள் சிரிக்கவில்லை, நனைந்திருந்தன. இந்தத் தடவை மழையும் இல்லை.

"உங்க வெட்கமும் தீரல, என் கோபமும் தீரல," என்றான் ரியோஹெய். "ரெண்டும் தீர எத்தனை வருஷம் ஆகுமோ... அது வரைக்கும் ஒரே வீட்டுல இருந்து பார்ப்போமா, சிகுசா?"