நூற்றுக்கு இரண்டு லாரி

"பதினோரு நிமிஷம் அந்த சிக்னல்லயே நின்னேன் சார், சைரன் போட்டபடி…"

"பொய். எங்கயோ வண்டிய ஓரங்கட்டிட்டு அரட்டை அடிச்சிருக்க…"

"…முன்னாடி பூரா லாரி. நடுவுல தடுப்புச் சுவர். எங்க சார் ஒதுங்குறது?"

"செத்தது எங்கம்மாய்யா."

"ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க" என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

காவல் நிலையம், மாலை 5.10. நெஞ்சுவலி வந்த கிழவியை ஆம்புலன்ஸ் ஏற்றியது முந்தின நாள் காலை 8.40க்கு. ஆஸ்பத்திரி கேட்டில் பதிவானது 9.07. வழக்கமாகப் பதினாறு நிமிஷ ஓட்டம். வழியில் வண்டியை நிறுத்திக் கிழவியைச் சாகவிட்டான் என்று டிரைவர் மேல் மகனின் புகார். நிரூபணமானால் வேலை போவதோடு ஜெயிலும் உண்டு.

மகன் போக்குவரத்து இன்ஜினீயர். அந்த சிக்னலுக்கு நேரம் வகுத்தவரே அவர்தான். ஈரத்தாளால் மேஜையை இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் ஃபைலை வைத்தார்.

"அங்க சராசரி காத்திருப்பு நாப்பது விநாடி மேடம். லாரி நூத்துக்கு ரெண்டுதான். மூணு நாள் ரோட்டோரமா நானே நின்னு எண்ணின தாள் இது."

தாள் சலவைச் சட்டை மாதிரி வெள்ளையாக இருந்தது.

மறுநாள் காலை 8.35. இன்ஸ்பெக்டர் சிக்னலில் நின்றார். மேட்டுச் சாலை. சிமெண்ட் லாரி, ஜல்லி லாரி. பல்லிடுக்கில் மண். ஒரு லாரி ஜன்னலிலிருந்து வந்த எச்சில் ஷூ நுனியில் விழுந்தது. காலை உதறிவிட்டு எண்ணினார். நூறு வண்டியில் முப்பத்தெட்டு லாரி. பச்சை விழுந்ததும் கார் சட்டென்று நழுவுகிறது; பாரம் ஏற்றிய லாரியோ முனகி, குலுங்கி, கரும்புகை கக்கி நகர்கிறது. அது நகர்ந்த பிறகுதான் பின்னால் நிற்பவனுக்கு நகர மனசு வருகிறது. ஏழு வண்டி தாண்டுவதற்குள் சிகப்பு.

காலை 11.00. மறுபடி காவல் நிலையம்.

"இது நான் அரை மணி நேரம் நின்னு எழுதின பக்கம்" என்றார் இன்ஸ்பெக்டர். நோட்டில் சாம்பல் நிறத்தில் விரல் தடங்கள். "இது நீங்க மூணு நாள் எழுதினது. மோந்து பாருங்க."

இன்ஜினீயர் முகரவில்லை. "அது… நகலா இருக்கும்."

"பேனா அழுத்தின தடம் பின்பக்கம் தெரியுது. அசல்தான். மூணு நாளும், ஒவ்வொரு மணி நேரமும், பிசகாம நூத்துக்கு ரெண்டு லாரி. லாரிக்காரன் என்ன, டோக்கன் வாங்கிட்டா வர்றான்?"

"லாரி எத்தனைன்னு தெரியாத இடத்துல ரெண்டுன்னு போடுறது எங்க வழக்கம் மேடம்."

"தெரியாத இடத்துல. நீங்கதான் நின்னு எண்ணினீங்களே?"

"அந்தத் தூசி எனக்கு ஒத்துக்காது."

"அப்ப ஏசி ரூம்லயே எண்ணிட்டீங்க. லாரிய கார்னு நெனச்சு, ஒரு பச்சைக்குப் பதினஞ்சு வண்டி தாண்டும்னு முப்பது விநாடி குடுத்தீங்க. தாண்டுறது ஏழு. மிச்சம் அடுத்த பச்சைக்கு, அதுக்கும் அடுத்ததுக்கு. ஒரு சுத்து ரெண்டு நிமிஷம். முன்னாடி நாப்பது வண்டி நின்னா பதினோரு நிமிஷம் ஆகும். இவர் எங்கயும் ஓரங்கட்டல. உங்கம்மாவ நிறுத்தி வச்சது நீங்க."

இன்ஜினீயர் இன்னொரு ஈரத்தாளை உருவி உள்ளங்கையைத் துடைத்தார். இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குப்பைக்கூடையைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

சுவரோரம் நின்ற டிரைவர் இன்ஜினீயரிடம் மெதுவாகச் சொன்னார்: "'எம்புள்ள வச்ச சிக்னல் தம்பி, இப்ப விட்டுடும்'னு ஒவ்வொரு சிகப்புக்கும் சொல்லிட்டே வந்தாங்க சார். கடைசி ரெண்டு சிகப்புக்கு ஒண்ணும் சொல்லல. தூங்கிட்டாங்கன்னு நெனச்சேன் சார்."