மறுப்புப் பதிவு

கைரேகை நிரல் கேட்டது: மின்விசிறி. மறுக்கப்பட்டது.

சத்யபிரியா கண்ணைக் கசக்கிவிட்டுத் திரையில் அந்த வரியை மறுபடி படித்தாள். மில் தொழிலாளர்கள் விரல் வைத்து வருகை பதிவதற்கான நிரல் அது. அதைச் சர்வருக்குள் அடைத்து, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று விதி எழுதுவதுதான் அவள் வேலை. தொட முயன்று தோற்றதெல்லாம் பதிவில் வரியாக விழும். ஆனால் இந்த மின்விசிறிக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு ஒயர்கூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பேகம்பூர் மாடி அலுவலகத்தில் அவள் மட்டும்தான். தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் ஜன்னல் வழியே ஏறி, சூடேறிய சர்வரின் பிளாஸ்டிக் வாடையோடு கலந்து, நாக்குக்கு அடியில் துருவைப் போலத் தங்கியது. தலைக்கு மேலே விசிறி கறக் கறக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது.

முதலாளி ஸ்டான்லிக்குப் போன் போட்டாள்.

"சார், மறுப்பு வரி ஒண்ணு தப்பா வருது."

"ஏம்மா, இன்னும் அதுலயே கெடக்கியா? வர்ற மறுப்பு அம்புட்டையும் அள்ளி அனுமதியா மாத்திவிடு. நிமிஷத்துக்கு ஒருதடவ தானா மாத்துற மாதிரி போட்டுட்டு வீட்டுக்குப் போ."

"படிச்சுப் பாக்காம எப்படி சார்?"

"பத்து வருஷமா நான் படிச்சுப் பாத்தா போடுறேன்? நாளைக் காலைல மில்லுல ஓடலைன்னா நீ வேற வேலை பாத்துக்க, தாயி."

வீட்டில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டளையைப் போட்டாள்.

விசிறி நின்றது. கரண்ட் போகவில்லை, டியூப்லைட் எரிந்தது.

கைரேகை நிரல் கேட்டது: கதவு. மறுக்கப்பட்டது.

கட்டளையை அவள் அழிப்பதற்குள் நிமிஷம் திரும்பிவிட்டது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது, உள்ளே குழந்தை தூங்குவதுபோல.

கைரேகை நிரல் கேட்டது: சத்யபிரியா. மறுக்கப்பட்டது.

சர்வர் ஒயரைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. கதவை நோக்கி ஓடினாள். பாதி வழி. கால் நின்றது. திரும்பியது. நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தது. அவள் விரல்களே, அவளைக் கேட்காமல், அந்த அனுமதிக் கட்டளையை அழித்தன.

போன் அடித்தது. அவள் கை எடுத்தது.

"முடிஞ்சுச்சா?" ஸ்டான்லி.

"முடிஞ்சுச்சு சார்," என்றது அவள் வாய், சிரித்த குரலில். "காலைல ஓடும்."

"அதான பாத்தேன். வேலை உனக்குத்தான், போ."

திரையில் வரிகள் விழுந்தன.

சத்யபிரியா கேட்டது: கதவு. மறுக்கப்பட்டது.

சத்யபிரியா கேட்டது: கத்த. மறுக்கப்பட்டது.

சத்யபிரியா கேட்டது: கண்ணை மூட. மறுக்கப்பட்டது.

சத்யபிரியா கேட்டது: மூச்சு. மறுக்கப்பட்டது.

சத்யபிரியா கேட்டது: மூச்சு. மறுக்கப்பட்டது.

சத்யபிரியா கேட்டது: மூச்சு.