வயிற்றில் இரண்டு ஓட்டை

போன் அடித்தது.

வஜ்ரம் எடுக்கவில்லை. இரண்டு கையிலும் பசை. உடைந்த வயலின் ஒன்றின் முதுகைப் பொருத்தி அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வஜ்ரம் என்பது அவள் பெயர் அல்ல. வயலின் வகையறாவை ஒட்டுகிற தோல்பசைக்குத்தான் அந்தப் பெயர். வருடக்கணக்கில் அதைக் காய்ச்சியதில் வாசனை அவளோடு ஒட்டிக்கொண்டது. கூடவே பெயரும் ஒட்டிக்கொண்டது. அவள் வாயும் அந்த ஜாதிதான். ஒரு சொல் விட்டால் எதிராளி மேல் ஒட்டிக்கொள்ளும், வெந்நீர் ஊற்றித்தான் எடுக்க வேண்டும்.

மறுபடி போன். முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"வயலின் ரிப்பேர் பண்றவங்களா? ஸ்டேஷன்லேர்ந்து இன்ஸ்பெக்டர் பேசறேன்."

"சொல்லுங்க."

"பாடி ஒண்ணு கெடைச்சிருக்கு. நீங்க வந்து அடையாளம் சொல்லணும்."

பிடி நழுவியது. வயலின் முதுகு கோணலாக ஒட்டிக்கொண்டது.

நேற்றுச் சாயங்காலம் ஹோட்டல் லாபியில் வாசிக்கப் போன தம்பி இன்னும் வீடு திரும்பவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். எவனாவது சிநேகிதன் வீட்டில் உருண்டு கிடப்பான், வரட்டும், இருக்கு கச்சேரி என்று காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது பசைக் கையாலேயே போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"எ... எவ்ளோ உயரம்?"

"ஆறடி இருக்கும்."

தம்பி ஆறடி.

"அடி ஏதாவது..."

"கழுத்துல ஒரு வெட்டு. முதுகுல விரிசல். வயித்துல ரெண்டு ஓட்டை." மறுமுனையில் டீ உறிஞ்சுகிற சத்தம். "மத்தபடி நல்லாத்தான் இருக்கு."

ஸ்டேஷனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு காலில் பட்டறையில் போடும் ரப்பர் ஷூ.

நீள மேஜை. அதன் மேல் வெள்ளைத் துணி. துணிக்குக் கீழே... நீளமாக ஏதோ.

"தைரியமா பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். எந்தச் செய்தியையும் மழை வருமா என்று கேட்கிற குரலில் சொல்லக்கூடிய மனிதர். துணியை விலக்கினார்.

டபுள் பாஸ்.

ஆள் உயரத்துக்கு நிற்கும், வயலின் குடும்பத்தின் பெரியண்ணன். தம்பியுடையது. கழுத்தில் பழைய ஒட்டு, முதுகில் விரிசல், வயிற்றில் 'எஃப்' வடிவத்தில் இரண்டு ஓட்டை. எல்லா வயலினுக்கும் இருக்கிற ஓட்டை.

வஜ்ரம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வேறு ஆளாக இருந்தால் இரண்டடி பின்வாங்கியிருப்பார்.

"இதுக்கா பாடின்னு சொன்னீங்க?"

"புகார் குடுத்தவர் அப்படித்தான் சொன்னார். பாடி மட்டுமே பல லட்சம் பெறுமாம்."

"அக்கா..."

லாக்கப்புக்குள்ளிருந்து சத்தம். கம்பிக்குப் பின்னால் தம்பி. உயிரோடு, முழுசாக, சட்டை கசங்கி.

"டேய். நீ உள்ள என்னடா பண்ற?"

"திருட்டுக் கேஸாம். அக்கா, அதை ஃபேனுக்குக் கீழ வச்சிருக்காங்க. காஞ்சு வெடிச்சிரும். கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லேன்."

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்காவா? நேத்திலேர்ந்து கேக்கறேன், வீட்ல யாரும் இல்லைன்னானே."

"தெரிஞ்சா அக்கா கொன்னுடும் சார்" என்றான் தம்பி. "இங்க பாதுகாப்பா இருந்துச்சு."

விஷயம் இதுதான். இசைக்கருவி ஷோரூம்காரர் ஒருவர். வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வாயில் தேன். போன மாதம் தன் கடையில் ஒரு டபுள் பாஸ் திருடு போய்விட்டதாகப் புகார் கொடுத்திருந்தார். இத்தாலியில் செய்தது, இருநூறு வருடப் பழசு, பெரிய தொகைக்கு இன்ஷூரன்ஸ். ஊரில் இருப்பதே இரண்டு டபுள் பாஸ். ஒன்று மியூசிக் ஹாலில் பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்று தம்பி கையில். நேற்று ஹோட்டலிலிருந்து ஆளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"இது அவர்கிட்ட நான் வாங்குனது சார்" என்றான் தம்பி. "மூணு வருஷம் ஆச்சு. விக்கவே மாட்டேங்குது, இடத்தை அடைக்குது, தூக்கிட்டுப் போன்னார். பழைய சைக்கிள் விலைக்குக் குடுத்தார்."

"பில்லு?"

தம்பி கம்பியை எண்ணினான்.

அவன் பொய் சொல்லவில்லை என்று வஜ்ரத்துக்குத் தெரியும். வாசல் கதவைக் கழற்றி அதை உள்ளே கொண்டுவந்ததே அவள்தான். ஆனால் தம்பிக்கு அக்கா சாட்சி என்றால் எந்தக் கோர்ட்டில் எடுபடும்?

கதவு திறந்தது. வாசனை முதலில் வந்தது. பின்னால் ஷோரூம்காரர் வந்தார்.

மேஜையைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் அரைக்கணம் தாமதமாக வந்தது. வஜ்ரம் அதைக் கவனித்தாள். இன்ஷூரன்ஸ் பணத்துக்காகக் கொடுத்த புகார். போலீஸ் நிஜமாகவே கண்டுபிடித்துத் தொலைக்கும் என்று மனிதர் எதிர்பார்க்கவில்லை!

"என்னோடதுதான் சார்" என்றார். "உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. இத்தாலி லேபிள் இருக்கும்."

இன்ஸ்பெக்டர் அடித்தார். இருந்தது.

"பேரே டபுள் பாஸ்" என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு முதலாளி வந்து நிக்கறதுல ஆச்சரியம் இல்ல. நீங்க சொல்லுங்கம்மா. இது எந்த ஊரு, என்ன விலை?"

"அது எப்படி சார்?" ஷோரூம்காரர் சிரித்தார். "அக்கா தம்பிக்குத்தானே பேசுவாங்க."

லாக்கப்பில் தம்பி எழுந்து நின்றான். வஜ்ரம் திரும்பி அவனைப் பார்த்தாள். அப்பா அம்மா போன பிறகு தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவள் ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் அவன் ஜெயிலுக்குப் போவான்.

"அவர் சொல்றது நியாயந்தான்" என்றாள். "நான் எதுவும் சொல்லல சார். நான் தொட்டுக் காட்டறேன். என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

முதலில் தலைப்பகுதி. தந்தியை முறுக்குகிற பித்தளைச் சாவிகளுக்கு அடியில் விரலை வைத்தாள்.

"ஓட்டை" என்றார் இன்ஸ்பெக்டர். "மரத்தால அடைச்ச ஓட்டை. ஒண்ணு, ரெண்டு, மூணு."

"இப்ப எத்தனை தந்தி?"

"நாலு."

கழுத்துக்கு விரல் நகர்ந்தது.

"வெட்டி ஒட்டியிருக்கு. தலை ஒரு மரம், கழுத்து வேற மரம்."

"முதுகு?"

"தட்டை. சப்பாத்திக் கட்டை மாதிரி. புழு அரிச்ச பொடி ஓட்டை. விரிசலுக்கு உள்பக்கம்..." டார்ச்சோடு கண்ணை ஓட்டைக்குள் விட்டார். "ஒட்டு, ஒட்டு, ஒட்டு... இது என்னம்மா, மனுஷனா இருந்தா ஆஸ்பத்திரியிலயே குடியிருந்திருப்பான்."

ஷோரூம்காரரின் சிரிப்பு மெல்ல வாடியது.

"சார், அவர் இன்ஷூரன்ஸ்ல என்னன்னு எழுதியிருக்கார்?" வஜ்ரம் வெறுமனே கேட்பதுபோலக் கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் புகாரோடு இருந்த பாலிசி நகலைப் புரட்டினார். "இத்தாலி. ஆதியிலேர்ந்து நாலு தந்தி. எந்த மராமத்தும் பார்க்காத அசல்."

இன்ஸ்பெக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். மேலே ஃபேன் கிறீச்சிட்டது.

ஷோரூம்காரர் இருதலைக்கொள்ளி எறும்பானார். இது தன்னுடையது என்றால், இன்ஷூரன்ஸில் எழுதியது அத்தனையும் பொய். பணம் போச்சு, மானமும் போச்சு. தன்னுடையது இல்லை என்றால்... அசல் இன்னும் காணோம். பணம் வரும். இந்த ஓட்டை உடைசல் போனால்தான் என்ன?

தொண்டையைச் செருமினார்.

"கிட்டப் பார்த்தாத்தான் சார் தெரியுது. இது என்னோடது இல்ல."

"லேபிள்?"

"அந்த மாதிரி லேபிள் யார் வேணா அச்சடிப்பாங்க."

"நிச்சயமா?"

"இந்தக் குப்பையை என் கடையில நிறுத்தி வைப்பேனா?"

"எழுதிக் குடுத்துடுங்க."

எழுதினார். அழகான கையெழுத்து.

இன்ஸ்பெக்டர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து வைத்தார்.

"இன்ஷூரன்ஸ் கம்பெனி காலையிலதான் அனுப்புச்சு. நாலு வருஷத்துக்கு முன்னால நீங்க பாலிசி எடுத்தப்ப அவங்க ஆள் உங்க கடையில எடுத்த படம்."

போட்டோவில் ஒரு டபுள் பாஸின் முதுகு. தட்டை. நடுவே மரத்தில் ஒரு கணு, புருவத்தோடு ஒரு கண் போல. பக்கத்தில் ஒரு விரிசல்.

இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிளும் மேஜையில் கிடந்ததைப் புரட்டினார்கள். அதே கண் அவர்களைப் பார்த்தது.

"அப்ப இது உங்க கடையில இருந்திருக்கு. இப்ப உங்களோடது இல்லைன்னு நீங்களே எழுதிட்டீங்க. நடுவுல வித்திருக்கீங்க. வித்த பொருளுக்குத் திருட்டுப் புகார்." இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். "ஒருத்தரை வெளிய விடு. ஒருத்தரை உள்ள போடு. ரூம் காலியா இருந்தா நல்லா இருக்காது."

ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதைதான். ஆப்பும் அவரே அடித்தது.

தம்பி வெளியே வந்தான். அக்காவிடம் போகவில்லை. நேரே மேஜைக்குப் போய் டபுள் பாஸை ஃபேனுக்குக் கீழிருந்து நகர்த்தினான். வஜ்ரம் பின்னால் போய் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் இன்ஸ்பெக்டர். "அவர் 'ஆமா, என்னோடதுதான்'னு ஒரே பிடியா நின்னிருந்தார்னா, அந்தப் படமே உங்க தம்பியை உள்ள வச்சிருக்கும்."

"படம் இருக்கறது எனக்கெப்படி சார் தெரியும்?" வஜ்ரம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எப்படியோ. குறையா அடுக்கி அவரை ஓட வச்சீங்களே."

"குறைன்னு நான் எங்க சொன்னேன்? ஓட்டைன்னும் ஒட்டுன்னும் நீங்கதான் சொன்னீங்க."

"அப்ப அதெல்லாம் குறை இல்லியா?"

"மூணு ஓட்டைன்னா, பிறந்தப்ப மூணு தந்தி. அந்தக் காலத்து வழக்கம். தட்டை முதுகும் அப்படித்தான். கழுத்தை மாத்தினவன் தலையை ஏன் சார் பத்திரமா எடுத்து ஒட்டினான்? தலைச் சுருளைச் செதுக்கின கை பெரிய கை. மட்டமான சாமானுக்கு யாரும் தலைமுறை தலைமுறையா வைத்தியம் பார்க்க மாட்டாங்க. தூக்கி அடுப்புல போட்டிருப்பாங்க."

லாக்கப்புக்குள் ஷோரூம்காரர் கம்பியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத்தாலியா?"

"அந்த லேபிள்தான் பொய். இவர் ஒட்டினது. வெள்ளைப் பசை, இன்னும் பளபளங்குது. இது இங்கிலாந்துப் பட்டறை. இருநூறு வருஷத்துக்கு மேலயே இருக்கும்."

"விலை?"

வஜ்ரம் யோசித்தாள். "அவர் ஷோரூமை வாங்கலாம். மாடியையும் சேர்த்து."

கம்பிக்குப் பின்னால் யாரோ தரையில் உட்காருகிற சத்தம் கேட்டது.

தம்பி வாயைப் பிளந்தான். "அக்கா... உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ தூக்கிட்டு வந்த அன்னைக்கே."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வித்துட்டு பைக் வாங்கியிருப்ப. இப்ப பாரு, வாசிக்கக் கத்துக்கிட்ட."

ஸ்டேஷன் போன் அலறியது. இன்ஸ்பெக்டர் எடுத்தார். கேட்டார். முகம் மாறவே இல்லை.

"பாடியா? இருய்யா, அவசரப்படாத. மொதல்ல எத்தனை தந்தின்னு பார்த்துச் சொல்லு."