யார் தாகத்துக்கு

மலையிறக்கத்தில் வண்டி முதல் வளைவைத் தாண்டும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்த ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் வண்டி ஓட்டிய அவளுக்குத் தெரியும், உருகின ஐஸ் குலுங்குகிற சத்தமும் தெரியும், இது வேறு. வெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவன் சொம்பை அண்ணாந்து கவிழ்த்தால் தொண்டைக்குள் மடக் மடக்கென்று இறங்குமே, அந்தச் சத்தம்.

"டேய், பின்னாடி ஏதோ சத்தம் கேக்குது பாரு."

"வண்டில எல்லா நட்டும் லூசுக்கா," என்றான் பக்கத்து சீட்டிலிருந்த தம்பி. "ஓட்டுற ஆளுக்கும்தான்."

அவன் வாய் அப்படி. கல்யாணம் ஆனால் அடங்கும் என்றார்கள், அடங்கவில்லை.

அவளைச் சிறிசு பெருசு எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ஓடைக்கு யார் காவல், செத்த மீனை யார் பொறுக்கிப் படம் எடுப்பது, எந்த ஆபீஸ் வாசலில் யார் போய் நிற்பது என்று அந்த மலைச்சனம் தங்கள் காட்டைக் காப்பாற்றச் செய்கிற அத்தனை வேலையும் அவள் கையில்தான் முடிச்சுப் போட்டுக் கிடந்தது. மேலே சுரங்கம் தோண்டுகிற கம்பெனிக்காரன் தண்ணீர் சுத்தம் என்பான். ஓர் அதிகாரி தலையாட்டுவான். தலையாட்டத்தானே சம்பளம்! நாளைக்கு விசாரணை. சுரங்கத்துக்குக் கீழே இருக்கிற சுனையின் தண்ணீரில் விஷம் இருக்கிறதென்று லேப் எழுதிக் கொடுத்தால் சுனை தப்பும், சுற்றியுள்ள காடும் தப்பும். இல்லையென்றால் எல்லாம் கம்பெனிக்காரன் கைக்குப் போய்விடும். பிடித்த அன்றைக்கே, சீல் உடையாமல், லேப் சாத்துவதற்குள் பெட்டியிலிருக்கும் அந்தத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். அதைக் குடித்த ஆடுகள் வயிறு உப்பிச் செத்ததை அவள் பார்த்திருந்தாள். பீப்பாய் மாதிரி உப்பி, கால் நான்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு.

நாக்கு வறண்டது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேனை எடுத்துக் குடித்தாள். மறுபடி குடித்தாள். கேன் காலியானது. தொண்டை மட்டும் சுட்ட ஓடு போல் அப்படியே இருந்தது. ஏப்பம் வந்தபோது துருப்பிடித்த இரும்பும் நனைந்த சாம்பலும் கலந்த வாடை வந்தது. அவள் குடித்தது வீட்டுக் குழாய்த் தண்ணீர்.

பின்னால் மடக் மடக்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்தச் சுனையில் யாரும் சும்மா தண்ணீர் எடுப்பதில்லை. குனிந்து, யார் தாகத்துக்கு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் மொள்ள வேண்டும். யாருக்கென்று சொன்னார்களோ அந்த ஆளுக்கு அது போய்ச் சேர்ந்தே தீரும். பாட்டில், ஐஸ், சிவப்பு டேப், டீசல் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்தவள், குடிக்காத தண்ணீருக்கு என்ன சொல்வது என்பதை யோசிக்கவில்லை. சுனைக்குத் தம்பியைத் தனியாக அனுப்பிவிட்டாள்.

"காலையில சுனைல என்னடா சொல்லி மொண்டே?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உன்னத்தான்டா கேக்குறேன்."

"என்ன சொல்றதுன்னே தெரியலக்கா. லேப்புக்கா தாகம்? அதான் விளையாட்டுக்கு... எங்க அக்காவுக்கு ரொம்ப தாகம், ஆறு பாட்டிலும் அவளுக்குத்தான்னேன். சும்மா சிரிக்கத்தான்."

"யாரு சிரிக்க? நீ ஒத்தைல தானே போனே?"

"ஆமா. ஆனா யாரோ சிரிச்சாங்க."

வைப்பர் கண்ணாடியில் வறக் வறக்கென்று தேய்த்தது. மழை இல்லை. மூடுபனி மட்டும். வெளிச்சம் இன்னும் இருந்தது, ஆனால் ரோட்டோர மரங்களுக்குக் கீழே நிழல் இல்லை.

"திரும்பிடலாம்க்கா. கொண்டு போய் சுனையிலயே ஊத்திடலாம்."

"ஊத்திட்டு நாளைக்கு என்னத்தக் காட்டுறது, உன் மூஞ்சியையா? பேசாம வா."

அவன் பேசாமல் வந்தான். பிறந்ததிலிருந்து அவன் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

மடக். மடக். ஒவ்வொரு மடக்குக்கும் அவள் வயிற்றில் குளிர் இறங்கியது. சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். ஊர் எல்லையில் இன்னும் கொஞ்சம். லேப் வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஸ்டியரிங் வயிற்றில் அழுந்தியது.

காலையில் சரியாக இருந்த ரவிக்கையின் கொக்கிகள் தெறித்திருந்தன.

லேப்காரர் சாவிக்கொத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார். முனகிக்கொண்டே விளக்கைப் போட்டார். தம்பி பெட்டியை மேசைமேல் வைத்தான். தூக்க லேசாக இருந்தது. மிக லேசாக.

ஆறு பாட்டில். சிவப்பு டேப் அப்படியே. டேப்பின்மேல் அவள் கையெழுத்து அப்படியே. லேப்காரர் ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்தார். டேப்பை வெட்டினார். கவிழ்த்தார்.

ஒரு சொட்டு விழவில்லை.

"காலி பாட்டிலுக்கு சீல் வச்சுக் கொண்டாந்திருக்கீங்களாம்மா? என் வீட்டுக்குப் போற நேரத்துல விளையாட்டா?"

இல்லீங்க, என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

சொல் வரவில்லை.

தண்ணீர் வந்தது.

குளிர்ந்த தண்ணீர். இரும்பு வாடை. மோவாய் வழியாக, கழுத்து வழியாக, மேசைமேல். தம்பி ஓவென்று அழுதான். அழுதுகொண்டே முதல் பாட்டிலை அவள் வாய்க்குக் கீழே பிடித்தான். நிறைந்தது. அடுத்தது. அடுத்தது. லேப்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சாவிக்கொத்து கீழே விழுந்த சத்தம் தண்ணீருக்குள் கேட்டது.

ஆறும் நிறைந்தன.

"போதும்க்கா. போதும். மூடு."

வாய் மூடவில்லை. இரண்டு கையாலும் தாடையை அழுத்தினாள். மூடவில்லை. தரையில் வெள்ளை வயிற்றோடு குஞ்சு மீன்கள். கதவுக்கு அடியில் புகுந்து தண்ணீர் தெருவுக்கு இறங்கியது.

தம்பி அழுகையை நிறுத்தினான்.

அவன் உதடு வெடித்திருந்தது. நாக்கு வெளியே வந்து அதைத் தடவிப் பார்த்தது. குடிக்காதேடா என்று அவள் கத்தினாள். தண்ணீர்தான் வந்தது.

அவன் குனிந்தான். சுனையில் குனிகிற மாதிரியே. இரண்டு கையையும் குவித்து அவள் மோவாய்க்குக் கீழே நீட்டினான்.

"என் தாகத்துக்கு," என்றான்.

குவிந்த கை நிறைந்தது. அவள் வயிற்றுக்குள் யாரோ சிரித்தார்கள்.