சக்கரவர்த்தியின் மறுபக்கம்

செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் உள்ளே வந்த வைதேஹி, கைக்குட்டையில் பொதிந்திருந்த வெள்ளிக் காசை மேஜைமேல் வைத்தார்.

"இது என்னோடது இல்லை. யாரோ மாத்திட்டா."

சுங்க இலாகாவில் போலிகளைப் பிடித்தே தலை நரைத்தவர் வெங்கடராமன். ஓய்வுபெற்று டில்லி மயூர் விஹாரில் குடியேறிய பின்னும் அந்த வேலை அவரை விடவில்லை. அண்ணன் மகள் ஜ்யோத்ஸ்னா, பாங்க் லீவு நாட்களில் அவருக்கு வலக்கை. "அச்சா, திருட்டா மாமி?" என்று நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வைதேஹி சரித்திரப் பேராசிரியையாக இருந்தவர். பைஸாந்தியப் பேரரசின் அந்திமக் காலத்து வெள்ளிக் காசுகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர். அவற்றில் பெரியது இது. ஒரு பக்கம் கிறிஸ்து, மறுபக்கம் சக்கரவர்த்தி. "கஜானாவில தங்கம் தீர்ந்துபோச்சு, கோட்டைக்கு வெளியே எதிரி. அப்பவும் ராஜாவைச் சுத்தி ரெண்டு வரிசை எழுத்தை எப்படி அடிச்சிருக்கான் பாரு" என்று அவர் ஒருமுறை காட்டியதிலிருந்து ஜ்யோத்ஸ்னாவுக்கும் அந்தக் காசின்மேல் ஒரு மயக்கம்.

வெங்கடராமன் விளிம்பை நகத்தால் வருடினார். "சுத்தியலால அடிச்ச காசுன்னா விளிம்பு வெடிச்சிருக்கும். இதுல அரம் போட்ட தடம். உங்க காசுலேர்ந்தே அச்சு எடுத்து வார்த்திருக்கா. யார் யார் இதைத் தொடுவா?"

"யாரையும் தொட விடமாட்டேன். கண்ணாடி மூடின பெட்டியில, ராஜா முகம் மேல தெரியற மாதிரி வெச்சிருப்பேன். தீபாவளி சமயம் சுந்தரேஷ் போட்டோ எடுக்க வாங்கிண்டு போய்த் திருப்பிக் கொடுத்தார். எங்க நாணயச் சங்கத்துக்காரர். போன ஞாயித்துக்கிழமை சங்கத்துல எல்லாரும் ஆத்துக்கு வந்தா, கண்ணாடி வழியாத்தான் பார்த்தா. நடுவுல காபி போட மட்டும் நான் உள்ளே போனேன்." வைதேஹி தயங்கினார். "அறையைத் தொடைக்கறது வீராயி. ஹோலிக்கு அப்புறம் சேர்ந்தவ. நேத்து அவளை நிறுத்திட்டேன். போலீஸ்ல சொல்லிடலாம்னு சுந்தரேஷ் சொல்றார்."

"அசல்ல ஏதாவது அடையாளம் உண்டா?"

"பொங்கலன்னிக்குக் கைதவறிப் போட்டுட்டேன். கிறிஸ்து கன்னத்துக்குக் கீழ ஒரு கீறல். வெக்கமா இருந்தது. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை."

வெங்கடராமன் காசைத் திருப்பினார். கன்னம் வழவழவென்று இருந்தது.

"போலீஸ் இருக்கட்டும். சாயங்காலம் சுந்தரேஷை உங்க ஆத்துக்கு வரச் சொல்லுங்கோ."

மாலையில் சுந்தரேஷ் வந்ததும், பாடம் கேட்க வந்தவர் போல வெங்கடராமன் காசை நீட்டினார். "என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியலை. இது போலின்னு எப்படி சார் சொல்றது?"

சுந்தரேஷின் முகம் மலர்ந்தது. காசைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும் அவருக்கு. "வேலை சுத்தம்தான். ஆனா இந்தப் பக்கம் பாருங்கோ. அசல்ல கன்னத்துக்குக் கீழ ஒரு கீறல் இருக்கும். இதுல இல்லையே."

வைதேஹி மெல்லச் சோபாவில் உட்கார்ந்தார்.

"அந்தக் கீறலை மாமி யாருக்கும் காட்டலை" என்றார் வெங்கடராமன், குரலை உயர்த்தாமல். "கீறல் விழறதுக்கு முன்னாடியே அச்சு எடுத்தாச்சு. அதனாலதான் போலியில அது இல்லை. வீராயி அப்போ இந்த வீட்டுக்கே வரலை. காசு வெளியே போனது ஒரே தடவை, உங்களோட. அப்புறம் அது ராஜா முகம் மேல தெரியப் பெட்டிக்குள்ள கிடந்தது. அடிப்பக்கத்துக் கீறலைப் பார்க்கணும்னா கையில எடுத்துத் திருப்பியிருக்கணும். ஞாயித்துக்கிழமை மாமி காபி போடப் போனப்போ மாத்தினேள். இல்லையா?"

எல்லாவற்றையும் காலையில் தானும் கூடவே இருந்து கேட்டவள்தான் ஜ்யோத்ஸ்னா. ஆனாலும் சித்தப்பா கோத்துச் சொன்ன விதத்தில் மலைத்துப்போனாள்.

சுந்தரேஷ் சட்டையின் உள்பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். "விக்கறதுக்கு எடுக்கலை, வைதேஹி. தினமும் பார்த்துண்டே இருக்கணும் போல இருந்தது."

வைதேஹி உறையிலிருந்த காசை எடுத்து விளக்கருகே பிடித்தார். "புளி, சோப்பு எதையும் போட்டுத் தேய்க்கலையே?"

"சத்தியமா இல்லை."

"சரி, கிளம்புங்கோ. யார் யார்கிட்ட வீராயி பேரைச் சொன்னேளோ, அத்தனை பேர்கிட்டயும் போய் உங்க பேரைச் சொல்லிட்டு வாங்கோ."

மறுநாள் காலை ஜ்யோத்ஸ்னாவையும் கூட்டிக்கொண்டு வைதேஹி, வீராயி குடியிருக்கும் திரிலோக்புரிக்குப் போனார். அவள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு நடுவே, எல்லோர் காதிலும் விழும்படி, "தப்பு என்மேல, வீராயி. நீ எடுக்கலை. என்னை மன்னிச்சுடு. வேலைக்கு வருவியா?" என்று கேட்டார் வைதேஹி. இப்படி ஒருவர் நடுத்தெருவில் நின்று மன்னிப்புக் கேட்டு ஜ்யோத்ஸ்னா பார்த்ததில்லை.

வீராயி நிறைந்த குடத்தைக் குழாயடியிலிருந்து நகர்த்தினாள். பிறகு அதைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"வர்றேம்மா. ஆனா அந்த ரூமை இனிமே நீங்களே தொடச்சுக்குங்க."